வீட்டில் ஆறு குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறேன், கூடத்தை எப்படி அமைப்பது?

மல்லிப்பந்தல் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். மதுரையில் ஒரு வாடகை வீட்டின் கீழ்த்தளத்தில் இருக்கிறோம். தெருவில் வேலைக்குப் போகிற அம்மாக்களின் குழந்தைகளை ஜூன் மாதத்திலிருந்து பகலில் நான் பார்த்துக்கொள்கிறேன். முதலில் இரண்டு பேர்தான். இப்போது ஆறு பேர் வருகிறார்கள். சின்னவளுக்கு 11 மாதம், பெரியவனுக்கு 4 வயது. கூடமாட உதவிக்கு என் மாமியார் இருக்கிறார்.

கூடம் 10க்கு 14 அடி. ஆரம்பிக்கும்போதே நல்லபடியாகச் செய்ய வேண்டும் என்று, கையிலிருந்த பணத்தில் எழுத்து அச்சிட்ட ரப்பர் பாய், நாலு சுவருக்கும் சார்ட், ஒரு பெரிய கூடை நிறையப் பொம்மை எல்லாம் வாங்கிப் போட்டேன். காலையில் வந்ததும் கூடையைக் கவிழ்க்கிறார்கள். பத்து நிமிடம்கூட ஆகாது, பொம்மைகளை மிதித்துக்கொண்டு ஓட ஆரம்பிக்கிறார்கள். வாசலிலிருந்து அடுப்படி வரை ஓட்டம், திரும்ப வாசலுக்கு ஓட்டம். ஒன்றரை வயதுப் பையன் ஒருவன் கடிக்கிறான். போன வாரம் ஒரு குழந்தையின் கையில் பல் பதிந்துவிட்டது. அவள் அம்மாவிடம் சொல்லும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது. பதினொன்றரைக்கு டிவியைப் போட்டுவிட்டுத்தான் சோறு வடிக்கிறேன். அது சரியில்லை என்று தெரிகிறது.

போதாக்குறைக்கு, "நாலு வயசாகுது, இன்னும் ஏ போடத் தெரியலையே" என்று பெரியவனின் அப்பா கேட்கிறார். வீட்டில் குழந்தைகளை வைத்துப் பார்ப்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். இன்னும் என்ன வாங்க வேண்டும்?

குரோம்பேட்டை சித்தி

மல்லி, ஒன்றும் வாங்க வேண்டாம்மா. ஒன்பது வருடமாக வீட்டில் குழந்தைகளைப் பார்க்கிறேன், அந்தத் தைரியத்தில் சொல்கிறேன்.

நாளைக் காலையில் யாரும் வருவதற்கு முன்னால் கூடத்தின் நடுவில் தரையில் உட்கார். ஃபோனை உன் கண் உயரத்தில் பிடித்து நாலு பக்கமும் படம் எடு. ஒன்றரை வயதுக் குழந்தை நின்று பார்க்கிற வீடு அதுதான். நான் அப்படி எடுத்தபோது படத்தில் விழுந்தவை: சோபாவின் கால், டிவி ஒயர், ஒரு பிளக் பாயின்ட், கட்டிலுக்கு அடியில் தள்ளியிருந்த பழைய செருப்பு. ஆசையாக ஒட்டிய சார்ட் ஒன்றுகூட இல்லை. எல்லாச் சார்ட்டும் வாசலில் வந்து நிற்கிற பெற்றோரின் முகத்துக்கு நேராக இருந்தது. அன்றைக்கே கழற்றிவிட்டேன். தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் குழந்தைகளின் அம்மா அப்பா படம், தெருமுனை இளநீர்க் கடை, எங்கள் வீட்டு முருங்கை மரம் என்று அவர்களுக்குத் தெரிந்த படங்களாக ஒட்டினேன். தவழ்கிற குழந்தை போய் அம்மாவின் முகத்தைத் தட்டும். இரண்டு வயதுக்காரர்கள் அந்தப் படங்களைக் காட்டித்தான் நிறையப் பேசுவார்கள்.

அடுத்தது ஓட்டம். உன் கூடம் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடுவே தடையில்லாமல் நீளமாகக் கிடக்கிறது. வெறுந்தரை நீளமாகக் கிடந்தால் அந்த வயதுக் கால் ஓடத்தான் செய்யும். அதட்டிப் பிரயோசனமில்லை. குட்டையான அலமாரி ஒன்றைக் குறுக்கே போடு. நாலு செங்கல்லும் ஒரு பலகையும்கூடப் போதும். ஒரு மூலை கட்டைக்கு, ஒரு மூலை சொப்புச் சாமானுக்கு, ஜன்னலோரம் புத்தகம். ஒரு மேசைக்கு அடியில் பழைய புடவையைத் தொங்கவிட்டு உள்ளே தலையணை போட்டுவை. கூட்டம் தாங்காத குழந்தை அதற்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். அங்கே இருப்பவரை யாரும் தொந்தரவு செய்யக் கூடாது, பெரியவர்களும்தான்.

கூடையை எடுத்துவிடு. கூடை என்றால் அவர்களுக்குக் கவிழ்க்கிற சாமான். பலகையில் பத்து பொருளுக்கு மேல் வைக்காதே, ஒவ்வொன்றுக்கும் நடுவில் இடம் விட்டு வை. மீதியைப் பரணில் ஏற்று. வாரம் பத்து நாளுக்கு ஒருமுறை இரண்டு மூன்றை மாற்றினால் போதும், பழைய பொம்மையே புதுசாகத் தெரியும்.

கடிக்கிற பையனைப் பற்றித் தனியாக எழுதுகிறேன், இங்கே பால் பொங்குகிறது.

அப்பு அப்பா

நான் பார்த்துக்கொள்கிறவன் இல்லை, பார்த்துக்கொள்ள விடுகிறவன். என் மகனுக்கு மூன்றரை வயது, பக்கத்துத் தெருவில் ஒரு அக்கா வீட்டில் விடுகிறோம். அந்த நாலு வயதுப் பையனின் அப்பா கேட்பதில் தப்பில்லை என்றே நினைக்கிறேன். எல்கேஜி சேர்க்கப் போனால் குழந்தையிடம் எழுத்து கேட்கிற பள்ளிகள் இருக்கின்றன. நாளெல்லாம் விளையாடிவிட்டு வந்தால் அந்த இடத்தில் நிற்கப்போவது என் மகன். எங்களுக்கும் இந்தப் பயம் பிடித்து வரவில்லை.

அங்கன்வாடி ஓய்வு

தம்பி அப்பு அப்பா, பயத்தைக் குறை சொல்லவில்லை. 31 வருடம் அங்கன்வாடியில் இருந்தேன், உங்களைப் போன்ற அப்பாக்களிடம் எத்தனையோ முறை பேசியிருக்கிறேன்.

மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை எலும்பே இல்லை, குருத்தெலும்பு. ஒவ்வொன்றாகக் கெட்டிப்பட்டு எட்டும் எலும்பாக வருவதற்குப் பல வருடம் பிடிக்கும். மூன்று வயதில் பென்சிலைக் கொடுத்து நோட்டில் வரிசையாக எழுது என்றால், குழந்தை விரலால் எழுதாது, தோளால் எழுதும். பென்சிலை முஷ்டியில் பிடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, தாள் கிழிகிற மாதிரி அழுத்தும். பிறகு எழுத்து என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

நாங்கள் கையைத் தயார் செய்வோம். கறிவேப்பிலையைக் காம்பிலிருந்து உருவ விடுவோம். பச்சைப் பட்டாணி உரிப்பது, சப்பாத்தி மாவைக் கிள்ளி உருட்டுவது, துணி கிளிப்பைக் கொடியில் மாட்டுவது எல்லாம் பென்சில் பிடிக்கிற அதே மூன்று விரல்களின் வேலை. தாம்பாளத்தில் ரவையைப் பரப்பி விரலால் கோடு இழுக்கச் சொல்லுங்கள். அந்தக் காலத்தில் மணலில் 'அ' போட்டது இதைத்தானே. அரிசிமாவில் புள்ளி வைத்துச் சின்னக் கோலம் இழுக்க விடுங்கள். கடையில் விற்கிற கல்மாவு வேண்டாம், தூசி மூக்கில் ஏறும். இப்படி ஒரு வருடம் போன கைக்கு, ஐந்து வயதில் எழுத்து மளமளவென்று வரும். நான் கண்ணால் பார்த்தது.

அங்கன்வாடித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. மூன்று முதல் ஆறு வயதுக்கு அதில் சொல்லியிருப்பது முறைசாரா முன்பருவக் கல்வி. பாட்டு, கதை, விளையாட்டு வழியாகத்தான் எல்லாமே. அரசே இத்தனை காலமாக அப்படிச் சொல்லும்போது, வீட்டில் பார்க்கிறவர்கள் ஏன் நோட்டைத் தூக்க வேண்டும்?

குரோம்பேட்டை சித்தி

டீச்சரம்மா சொன்னதற்கு மேல் எனக்கு வார்த்தை இல்லை. மல்லி, அந்த அப்பாவுக்கு ஒரு வழி: குழந்தைக்கு ஒரு நோட்டு போட்டு, தினமும் நீ ஒரே ஒரு வரி எழுது. "இன்று கறிவேப்பிலை உருவினான், பதினைந்து நிமிடம் எழுந்திருக்கவில்லை." "ஐந்து டம்ளரைச் சின்னதிலிருந்து பெரிதாக அடுக்கினான், கீழே விழுந்ததும் தானே மறுபடி அடுக்கினான்." சாயங்காலம் கூட்டிப்போகும்போது அதைப் படிக்கட்டும். என் வீட்டில் எழுத்து கேட்ட அம்மா ஒருவர், இரண்டு மாதம் கழித்து அந்த நோட்டைத் தரச் சொல்லி வாங்கிப் போய்ப் பத்திரமாக வைத்திருக்கிறார்.

கடிப்பது. ஒன்றரை வயதில் "அது என்னோடது" என்று சொல்ல வார்த்தை இல்லை, பல் இருக்கிறது. எப்போது கடிக்கிறான் என்று நாலு நாள் குறித்துவை. என் வீட்டில் இருந்த பையன் பதினொரு மணி வாக்கில் மட்டும் கடிப்பான். பார்த்தால் பசி. பழத்தைப் பத்தரைக்கு மாற்றினேன், பாதி நின்றது. மீதிப் பாதி ஒரு சிவப்பு லாரிக்காக. அதே மாதிரி இன்னொரு லாரி வாங்கி வைத்தேன். இரண்டு வயதுக்குள் பங்கிட்டுக்கொள் என்று சொல்வது நடக்காத காரியம். அவர்கள் ஆசைப்படுகிற பொருளாவது ஒரே மாதிரி இரண்டு இருக்க வேண்டும். கடித்த பிறகு கத்தாதே. கடிபட்ட குழந்தையை முதலில் அணைத்துக்கொள். கடித்தவனுக்கு "வலிக்கும்" என்ற ஒரு சொல் போதும்.

திண்ணை

இடையில் ஒரு பழைய செய்தி. இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி தன் முதல் குழந்தைகள் இடத்தை 1907 ஜனவரி 6 அன்று ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் திறந்தார். ஏழைத் தொழிலாளர்கள் குடியிருந்த அடுக்குமாடி ஒன்றில், பெற்றோர் வேலைக்குப் போன பிறகு மாடிப்படிகளில் அலைந்துகொண்டிருந்த குழந்தைகளுக்காக, அந்தக் கட்டடத்திலேயே. அதற்கு வைத்த பெயரில் 'பள்ளி' என்ற சொல்லே கிடையாது. 'குழந்தைகளின் வீடு' என்று பெயர். அவரே 1939இல் சென்னை அடையாறுக்கு வந்தார். போர் மூண்டதால் ஊர் திரும்ப முடியாமல் 1946 வரை இந்தியாவில் இருந்தார், கொஞ்ச காலம் கொடைக்கானலிலும்.

இதை எழுதக் காரணம், இன்று பள்ளிகள் அவர் பெயரைப் பலகையில் போட்டு வாங்குகிற கட்டணத்தைப் பார்த்துவிட்டு, இது நமக்கு எட்டாத சமாச்சாரம் என்று வீட்டில் குழந்தை பார்க்கிறவர்கள் நினைத்துவிடக் கூடாது. மல்லி இப்போது செய்துகொண்டிருப்பதற்கு மிக நெருக்கமான இடத்தில்தான் அது பிறந்தது.

மல்லிப்பந்தல்

தரையில் உட்கார்ந்து படம் எடுத்தேன் சித்தி. என் வீட்டில் தெரிந்தது முழுக்க கேஸ் சிலிண்டரும் அரிசி டின்னும். இத்தனை நாள் அதைப் பார்த்துக்கொண்டா இருந்தார்கள் என்று மனசு கஷ்டமாகிவிட்டது.

இன்னும் ஒரு கேள்வி. டிவி இல்லாமல் எப்படிச் சமைப்பது? மாமியார் சின்னவளைத் தூக்கி வைத்துக்கொண்டால் மற்ற ஐந்து பேர் என் காலைச் சுற்றித்தான் நிற்பார்கள்.

குரோம்பேட்டை சித்தி

சுற்றி நிற்கிறார்கள் என்றால் நீ செய்வது அவர்களுக்குப் பிடித்திருக்கிறது. அடுப்பு வேலையைக் காலை எட்டரைக்குள் முடித்துவிடு, சோறு குழம்பு ஹாட்பாக்ஸில். அடுப்பில்லாத வேலையைப் பதினொரு மணிக்கு மிச்சம் வை. கீரை ஆய்வது, பூண்டு உரிப்பது, வெண்டைக்காய்க் காம்பை ஒடிப்பது, டம்ளர் கழுவுவது. கூடத்தில் பழைய துண்டை விரித்து எல்லோரும் உட்காருங்கள்.

இதை நான் எந்தப் பயிற்சியிலும் கற்கவில்லை. இரண்டரை வயதில் ஒரு பெண் குழந்தை வந்தாள். இரண்டு மாதம் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா போனதும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கதை சொன்னால் கேட்பாள், முகத்தில் ஒன்றும் தெரியாது. ஒரு நாள் பேசினில் சோப்புத் தண்ணீர் கலந்து, எவர்சில்வர் டம்ளர்களைப் போட்டு நான் கழுவிக்கொண்டிருந்தேன். மெதுவாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு டம்ளரை எடுத்தாள். உள்ளே கையை விட்டாள், வெளியே எடுத்தாள், கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் எதுவும் பேசாமல் என் டம்ளரைத் தேய்த்தேன். ரொம்ப நேரம் கழித்து, கையை என் முகத்துக்கு நேராக நீட்டி, "நுரை" என்றாள். அவ்வளவுதான். "ஆமா, நுரை" என்றேன். "வெள்ளை நுரை" என்றாள். அன்று மத்தியானம் சோறு ஊட்டும்போது முருங்கைக்காயைக் காட்டி ஏதோ கேட்டாள். அதற்குப் பிறகு அவள் பேச்சு நிற்கவே இல்லை.

அன்றைக்கு நான் கேள்வி கேட்டிருந்தால், "இது என்ன கலர்? எத்தனை டம்ளர்?" என்று ஆரம்பித்திருந்தால், அவள் எழுந்து ஜன்னலுக்குப் போயிருப்பாள். பக்கத்தில் ஒரு பெரியவர் அவசரமில்லாமல் ஒரு வேலை செய்துகொண்டிருக்க வேண்டும், குழந்தைக்கு அதில் கைவைக்க இடம் இருக்க வேண்டும். சார்ட்டையும் பொம்மையையும் விட வீட்டில் பெரிதாக நான் நம்புவது இதைத்தான். பள்ளிக்கூடத்தில் இதைச் செய்யவே முடியாது, முப்பது குழந்தைகள் இருப்பார்கள். வீட்டில் முடியும். அதை விட்டுவிட்டு வீட்டைச் சின்னப் பள்ளிக்கூடமாக மாற்றப் பார்க்கிறோமே என்றுதான் எனக்கு ஆதங்கம்.

அப்பு அப்பா

சித்தி, மனசில் பட்டதைச் சொல்கிறேன், தவறாக எடுக்க வேண்டாம். பணம் கட்டி விடுகிற குழந்தை கீரை ஆய்கிறது, டம்ளர் கழுவுகிறது என்று தெரிந்தால், வேலை வாங்குகிறார்கள் என்றுதானே பல பெற்றோருக்குத் தோன்றும்?

குரோம்பேட்டை சித்தி

நியாயமான கேள்வி தம்பி. என் வீட்டில் ஒரு வரைமுறை உண்டு. எந்தக் குழந்தையும் எந்த நேரமும் எழுந்து போகலாம், யாரும் கூப்பிட மாட்டோம். இவ்வளவு முடிக்க வேண்டும் என்று கிடையாது. அவர்கள் ஆய்ந்த கீரையில் பாதி தண்டோடு இருக்கும், நான் பிறகு உட்கார்ந்து மறுபடி ஆய்வேன். கழுவிய டம்ளரையும் மறுபடி கழுவுவேன். அவர்கள் சேர்ந்தால் எனக்கு வேலை இரட்டிப்பு. குழந்தை சேர்க்க வருகிற அன்றே பெற்றோரிடம் இதைச் சொல்லிவிடுகிறேன். பிடிக்காதவர்கள் சேர்ப்பதில்லை, அதுவும் சரிதான்.

ஸ்கார்பரோ மாமி

கனடாவிலிருந்து எழுதுகிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இருபது வருடமாகிறது, வீட்டில்தான் பிள்ளைகளைப் பார்க்கிறேன். எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் லைசன்ஸ் இல்லாமல் பார்க்கிறவர் 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் ஐந்து பேருக்கு மேல் வைத்திருக்க முடியாது. அதிலும் இரண்டு வயதுக்குள் மூன்று பேருக்கு மேல் கூடாது. லைசன்ஸ் உள்ள ஏஜென்சியோடு சேர்ந்தால் ஆறு பேர். நாலு வயதுக்குள் சொந்தப் பிள்ளை இருந்தால் அதுவும் கணக்கில் சேரும். மல்லி, உங்கள் ஆறு பேரில் இரண்டு வயதுக்குள் எத்தனை பேர் என்று பாருங்கள். நெருப்புப் பிடித்தால் ஒரு ஆள் எத்தனை கைப்பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடலாம் என்று யோசித்தாலே அந்தக் கணக்கு விளங்கும்.

ஒன்ராறியோவின் 2014ஆம் ஆண்டு குழந்தைப் பராமரிப்பு வழிகாட்டியில் நாலு அடிப்படைகள் சொல்லியிருக்கிறார்கள். முதலாவது எழுத்தும் இல்லை, எண்ணும் இல்லை. பிள்ளைக்கு "இது என் இடம்" என்ற எண்ணம். அதனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் என் வீட்டு வாசலில் ஒரு கொளுவி இருக்கிறது, அதற்கு மேலே அவரவர் படம். ஒரு பெடியன் வந்ததும் சப்பாத்தைக் கழற்றுவதற்கு முதல் தன் படத்தைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே வருவான்.

மொழியையும் சொல்ல வேண்டும். இங்கே தாய் தகப்பன் "இங்கிலீஷில் கதையுங்கோ" என்று கேட்பார்கள். நான் தமிழில்தான் கதைக்கிறேன். இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் எப்படியும் வரும். நித்திரையாக்கும்போது பாடுகிற பாட்டு தமிழில் வேறு எங்கே வரப்போகிறது?

அங்கன்வாடி ஓய்வு

ஆபத்துகளை யாரும் விரிவாகச் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். கறிவேப்பிலை, பட்டாணி என்று நானே எழுதியிருக்கிறேன். பட்டாணி மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும், நீங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது மட்டும். மூன்று வயதுக்குள் உள்ள குழந்தையின் பொம்மைக்கு ஒரு அளவு உண்டு. சுமார் 3.2 செ.மீ. விட்டமுள்ள குழாய்க்குள் முழுசாக இறங்குகிற எதுவும் தொண்டையில் அடைக்கும். பல்லாங்குழிச் சோழி, புளியங்கொட்டை, கோலிக்குண்டு எல்லாம் அதில் அடக்கம். வேர்க்கடலையும் முழுத் திராட்சையும் ஐந்து வயதுவரை அப்படியே கொடுக்காதீர்கள், திராட்சையை நீளவாக்கில் நாலாக நறுக்குங்கள். ரிமோட்டிலும் பாட்டுப் பாடுகிற பொம்மையிலும் இருக்கிற வட்ட பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்தில் உணவுக்குழாய் வெந்துபோகும். மூடியில் ஸ்க்ரூ இல்லாத பொம்மை வீட்டிலேயே வேண்டாம்.

மதுரை வீடு என்கிறீர்கள், வாசலில் சம்ப் இருக்கும். மூடியைப் பூட்டுங்கள். குளியலறை வாளியில் ஒரு சாண் தண்ணீர்கூட நிற்கக் கூடாது. தவழ்கிற குழந்தை தலைகுப்புற விழுந்தால் சத்தமே வராது. கைக்குழந்தையை மல்லாக்கத்தான் தூங்க வைக்க வேண்டும். 108ஐயும் பெற்றோரின் எண்களையும் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். மாமியாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

டிவி பற்றி ஒரு வரி. உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது: இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டு முதல் நாலு வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். ஒன்று முதல் நாலு வயது வரை நாளுக்கு 180 நிமிடம் உடம்பு அசைய வேண்டும். அதனால் ஓட்டத்தை முழுசாக நிறுத்திவிடாதீர்கள் மல்லி. வெயில் ஏறுவதற்கு முன்னால் வாசலிலோ மாடியிலோ ஓட விடுங்கள், ஓடிவிட்டு வந்தால் கூடத்தில் தானாக உட்காருவார்கள்.

மல்லிப்பந்தல்

மூன்று வாரம் ஆகிவிட்டது, எழுத நேரமில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

கூடை பரணுக்குப் போய்விட்டது. செங்கல்லும் பலகையும் வைத்துக் குறுக்கே அலமாரி போட்டேன். முதல் நாள் எல்லோரும் அதன்மேல் ஏறினார்கள், இரண்டாம் நாளும் ஏறினார்கள். நாலாம் நாளிலிருந்து அதில் வைத்த பொருட்களை எடுக்க ஆரம்பித்தார்கள். அதிகம் ஓடுகிற பொருள் எது தெரியுமா? மாமியாரின் பழைய மூடி போட்ட டப்பாக்கள். நாளெல்லாம் எந்த மூடி எதற்கு என்று போட்டுப் பார்க்கிறார்கள்.

காலை ஏழரையிலிருந்து எட்டரை வரை சமையல் முடித்துவிடுகிறேன். டிவியை முதல் வாரம் பாதியாக்கினேன், இப்போது போடுவதில்லை. அழுதார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். இரண்டு நாள் ரொம்பக் கஷ்டப்பட்டேன். கடிக்கிற பையன் இந்த வாரம் ஒரே ஒரு தடவை, அதுவும் பல் முளைக்கிறது.

நோட்டில் ஒரு வரி எழுதுகிறேன். நாலு வயதுப் பையனின் அப்பா இன்னும் எழுத்து கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். ஆனால் நேற்று வாசலில் நின்று இரண்டு பக்கம் படித்தார். "இவன் பூண்டு உரிப்பானா?" என்று அவனையே கேட்டார். அவன் கட்டைவிரலை மோந்து பார்க்கச் சொல்லி அப்பாவிடம் நீட்டினான்.

ஸ்கார்பரோ மாமி சொன்ன கணக்கில் எனக்கு இரண்டு வயதுக்குள் மூன்று பேர். இன்னொரு கைக்குழந்தையைக் கேட்டு வந்தார்கள், முடியாது என்று சொல்லிவிட்டேன். பணம் வேண்டியிருக்கிறது, ஆனாலும் சொல்லிவிட்டேன்.

ஒரு சந்தேகம். சின்னவள் பிடித்துக்கொண்டு நிற்க ஆரம்பித்துவிட்டாள், பலகையைப் பிடித்து இழுக்கிறாள். சுவரில் ஆணி அடிக்க வீட்டுக்காரர் விட மாட்டார். என்ன செய்யலாம்?

குரோம்பேட்டை சித்தி

இன்றைக்கே செங்கல்லையும் பலகையையும் எடுத்துவிடும்மா, காத்திருக்காதே. இழுத்தால் அசைகிற எதுவும் அவள் கைக்கு எட்டக் கூடாது. பழைய டிரங்குப் பெட்டி இருந்தால் உள்ளே அரிசி மூட்டை மாதிரி கனமாக எதையாவது போட்டு, மூடிப் பூட்டிக் குறுக்கே வை. தகரத்தின் கூர் விளிம்பில் தடித்த துணியைச் சுற்றித் தைத்துவிடு. பெட்டி மேலேயே விளையாட்டுப் பொருட்களை அடுக்கலாம், அவள் அதைப் பிடித்து எழுந்து நிற்கவும் செய்யலாம். பெட்டி இல்லையென்றால் சொல், இங்கே எங்களிடம் ஒன்று சும்மா கிடக்கிறது. என் தம்பி அடுத்த வாரம் மதுரைக்கு வருகிறான், கொடுத்துவிடுகிறேன்.